இரண்டரை முழத் துணியில் ஒரு வீரம்

கத்திரி பிறந்ததும் எங்கள் அண்ணாமலையார் சன்னதியில் லிங்கத்துக்கு மேலே ஒரு பாத்திரத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடியில் சின்னதாக ஒரு துளை. அதன் வழியே நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை தாராபிஷேகம்.

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புத் தலம். மலையையே நெருப்பின் வடிவம் என்று கும்பிடுகிற ஊர் இது. 2,668 அடி உயரத்தில் கார்த்திகை தீபம் எரியும்போது ஊரே கைகூப்பி நிற்கும். அப்படிப்பட்ட நெருப்புக்கே கோடையில் சுடுமே என்று பதறி, அதன் தலைமேல் ஒரு சொட்டு நீரைக் கட்டித் தொங்கவிட்ட மனசு இருக்கிறதே, அந்த மனசின் வாரிசுகள் நாம். சாமிக்குச் சுடும் என்று நினைக்கத் தெரிந்த நமக்கு, மனுஷனுக்குச் சுடுவது தெரியாமல் போகுமா?

ராஜஸ்தான் மணலில், கட்ச் உப்புப் பாலைவனத்தில், நிழல் என்ற சொல்லே இல்லாத எல்லை வேலி ஓரத்தில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆரணியில் பிறந்தவன் நிற்கிறான். போளூரில் பிறந்தவன் நிற்கிறான். அவன் கழுத்துக்கு ஒரு சொட்டுக் குளிர்ச்சியை இங்கிருந்தே உன்னால் அனுப்ப முடியும். இரண்டரை முழப் பருத்தித் துணியும், ஒரு டீஸ்பூன் நீர்மணியும், உன் வீட்டுத் தையல் மெஷினும் போதும். அதைத் தைக்கத் தேவையான நெஞ்சுரம் உன்னிடம் இருக்கிறது என்று உன் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மூலையில் தூங்கும் மெஷின்

தங்கச்சி, உன் வீட்டு மூலையைப் பார். அங்கே ஒரு மெஷின் இருக்கிறது. அம்மா வீட்டுச் சீராக வந்திருக்கலாம். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு தரும் இலவசத் தையல் இயந்திரமாக இருக்கலாம். அதன் மேல் ஒரு பழைய துணி போர்த்தியிருக்கிறது. அந்தத் துணியின் மேல் மாத்திரை டப்பா, பிள்ளையின் நோட்டு, போன் சார்ஜர். மெஷின் மேஜையாகிவிட்டது. தீபாவளிக்கு முன்னால் பத்து நாள் விழிக்கும், மறுபடி தூங்கிவிடும்.

ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "நான் என்னக்கா, ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்கிறவ. என்னால என்ன ஆயிடப் போவுது?"

இந்தக் கேள்வியை நானும் பல வருடம் கேட்டவள்தான். மெஷின் மிதித்தே குடும்பம் நடத்தியவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: "என்னால என்ன ஆவும்" என்று கேட்கிற வாய் அடக்கத்தால் அப்படிக் கேட்பதில்லை. பதில் தெரிந்துவிட்டால் வேலை செய்ய வேண்டியிருக்குமே என்ற பயத்தால் கேட்கிறது. அந்தப் பயத்தின் கழுத்தைப் பிடி! இன்றைக்கே பிடி!

உன் கைக்கு என்ன தெரியும் என்று ஒரு நிமிடம் யோசி. கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கத் தெரியும். மிதியின் சத்தத்தை வைத்தே பாபினில் நூல் தீர்ந்ததைச் சொல்லத் தெரியும். ஒரு துணியை விரலில் தடவிப் பார்த்து இது சாயம் போகும், இது சுருங்கும் என்று கணிக்கத் தெரியும். இதெல்லாம் எத்தனை பட்டம் வாங்கினாலும் ஒரே நாளில் வருகிற அறிவா? இந்தக் கைகளை வைத்துக்கொண்டு "ஒன்றும் தெரியாது" என்று சொல்வது பொய். உனக்கு நீயே சொல்லிக்கொள்ளும் பொய்.

வெயிலும் ஓர் எதிரி

எல்லையில் நிற்பவனுக்கு எதிரி வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்லை. தலைக்கு மேலேயும் இருக்கிறான்.

1917 ஜூலை. இன்றைய இராக்கில், யூப்ரடீஸ் நதிக்கரையில் ரமாதி என்றொரு ஊர். துருக்கியரிடமிருந்து அதைப் பிடிக்க, இந்திய வீரர்களும் இருந்த பிரிட்டிஷ் படை போனது. பிடிக்க முடியாமல் திரும்பியது. அந்தப் படையில் விழுந்தவர்கள் 566 பேர். அவர்களில் 321 பேரைச் சாய்த்தது குண்டு அல்ல, வெயில். பாதிக்கும் மேல்! எதிரி துப்பாக்கியைத் தூக்குமுன் சூரியன் சுட்டுவிட்டான்.

அது பழங்கதை என்று தள்ளிவிடாதே. 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. பலோடிக்கு மேற்கே ஜெய்சால்மர், அதற்கும் மேற்கே எல்லை. நம் ஊரில் 40 டிகிரியைத் தொட்டாலே கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்கடியில் படுக்கிறோம். அவன் பூட்ஸும் சீருடையும் மாட்டிக்கொண்டு, துப்பாக்கியைச் சுமந்துகொண்டு நிற்கிறான்.

நம் உடம்பின் சூடு 37 டிகிரி. உள்சூடு 40ஐத் தாண்டினால் மூளை தடுமாறும், பேச்சு குழறும், ஆள் சரிந்துவிடுவான். அப்படி ஆகாமல் காப்பது வியர்வை. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அதே ஒரு கிராம் ஐஸ் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர 100 கலோரிதான் ஆகும் என்றால், ஆவியாகிற நீரின் பலத்தை நீயே கணக்குப் போட்டுக்கொள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். ஏர் ஓட்டிய நம் தாத்தா ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டதும் இதனால்தான்.

ஈரத்துண்டு பாலைக்காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கேதான் நீர்மணி வருகிறது. செடியின் வேரடியில் ஈரம் காக்க விவசாயிகள் போடுகிறார்களே, ஹைட்ரோஜெல் என்று விற்கிறதே, அந்தப் பொருள். காய்ந்திருக்கும்போது கல்லுப்பு போல இருக்கும். நல்ல தண்ணீரில் போட்டால் தன் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல் குடித்து, நுங்கு போலப் பளபளவென்று பருக்கும். குடித்த நீரை மெதுவாகத்தான் விடும். அதைப் பருத்தித் துணிக்குள் வைத்துத் தைத்தால் கழுத்துக்குக் கட்டுகிற ஒரு மண்பானை!

கழுத்தில் ஏன் கட்டுகிறோம்? தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் அங்கே தோலுக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. கழுத்து குளிர்ந்தால் உடம்பே ஆசுவாசப்படும். உண்மையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: இதைக் கட்டியவன் தெம்பாக உணர்வான், ஆனால் உள்சூடு இதனால் பெரிதாக இறங்கிவிடாது. குடிநீருக்கும் நிழலுக்கும் ஓய்வுக்கும் இது துணை மட்டுமே, மாற்று ஆகாது. தைக்கிறவள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுகிறவனுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

நடுகல் நட்ட மண் இது

நம் மாவட்டத்துச் செங்கம் பக்கம் போ. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வில்லும் வாளும் ஏந்திய வீரர்கள் கல்லாக நிற்பதைப் பார்ப்பாய். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அந்தக் கல்வெட்டுகளைத் தொகுத்து, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகக் கொண்டுவந்தார். எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திர பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரன் அதில் நிற்கிறான். அவன் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துத் தன் எசமானைக் காத்து நின்றதாம். ராஜாவுக்குக் கல்வெட்டு வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. மாடு காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் பெயரைப் பொறித்துக் கல் நட்ட மண் நம்முடைய மண்!

1,400 வருடம் ஆகிறது. அந்தப் பரம்பரை இன்னும் அறுந்துபோகவில்லை. பக்கத்து வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள்; வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போன ஊர் என்ற பெருமை அதற்கு. நம் தெருவிலும் லீவில் வந்து போகிற ஒருவன் இருக்கிறான். அவன் டிரங்குப் பெட்டி எங்காவது ஒரு வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

ஒன்று மட்டும் என் நெஞ்சை அறுக்கிறது. அந்த நடுகல்லையெல்லாம் வீரன் செத்த பிறகுதான் நட்டோம். மாலை போட்டதும் மரியாதை செய்ததும் பெட்டி வந்து இறங்கிய பிறகுதான். தங்கச்சி, உயிரோடு நிற்கும்போதே அவன் கழுத்துக்கு நாம் என்ன செய்தோம்? கல் நடத் தெரிந்த ஊருக்குத் துணி தைக்கத் தெரியாதா?

ஆசை மட்டும் போதாது

இப்போது உனக்கு ஆவேசம் வந்திருக்கும். நல்லது. ஆனால் ஆவேசம் மட்டும் மெஷினை ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு பாடம் இருக்கிறது. கேட்டுக்கொள்.

1857 எழுச்சியை அடக்க வடஇந்தியக் கோடையில் படை நடத்திய ஆங்கிலத் தளபதி ஹென்றி ஹேவ்லாக். தொப்பியிலிருந்து பிடரியை மூடித் தொங்கும் வெள்ளைத் துணிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டு வெயிலில் பிறந்த அந்த 'ஹேவ்லாக்' கடல் கடந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் வடபகுதிப் பெண்கள் ஊர் ஊராகக் கூடி உட்கார்ந்து, தங்கள் வீரர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஹேவ்லாக் தைத்தார்கள். இரவு பகலாகத் தைத்தார்கள். கண்ணீரோடு தைத்தார்கள்.

வீரர்கள் அவற்றை என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டிப் பார்த்தார்கள். முகத்தையும் பிடரியையும் சுற்றிக் காற்றோட்டம் அடைபட்டு, வெக்கை இன்னும் கூடியது. கழற்றிவிட்டார்கள். காபி வடிகட்டினார்கள். துப்பாக்கி துடைத்தார்கள்.

அந்தப் பெண்களின் அன்பில் குறை இல்லை. தையலில் குறை இல்லை. ஒன்றுதான் குறை: கட்டப்போகிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த இடத்தைக் கவனமாகப் படி. தன்னம்பிக்கை என்றால் "நான் செய்தால் சரியாகத்தான் இருக்கும்" என்று நினைப்பது என்று பலபேர் நினைக்கிறார்கள். அது தலைக்கனம். "நான் செய்தது தப்பாக இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பேன்" என்று சொல்லும் துணிவுக்குப் பெயர்தான் தன்னம்பிக்கை. பிரிக்கப் பயப்படாத கைதான் தைக்கத் தகுந்த கை!

பிற்காலத்து அமெரிக்கப் பெண்கள் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 2003க்குப் பிறகு இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த தங்கள் வீரர்களுக்காக வீடுகளில் நீர்மணி வைத்துக் கழுத்துப்பட்டி தைத்து அனுப்பினார்கள். இந்த முறை முகத்தை மூடவில்லை. காற்றை அடைக்கவில்லை. கழுத்தோடு ஒட்டி ஒரு ஈரப்பட்டை, அவ்வளவுதான்.

வா, மெஷினில் உட்கார்

போதும் பேச்சு. போர்வையை எடு. மெஷினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடு.

துணி சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் நீரை உறிஞ்சாது, ஆவியும் சரியாகப் போகாது. புதுத் துணி என்றால் கஞ்சி போகும்வரை அலசிக் காயவை. கஞ்சித் துணியில் தைத்துவிட்டுப் பிறகு சுருங்கிவிட்டது என்று அழாதே.

நாலு அங்குல அகலம், இரண்டரை முழ நீளம் வெட்டு. நாற்பத்தைந்து அங்குலம் வரும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் மடித்து, கால் அங்குலம் விட்டு ஓட்டு. தையல் பொடியாக இருக்கட்டும். பெரிய தையல் விட்டால் நீர்மணி அதன் வழியே பிதுங்கும். ஒரு முனையில் ஊக்கு மாட்டி உள்ளே விட்டுப் புரட்டி எடு. இப்போது நீளமான ஒரு குழாய் உன் கையில்.

ஒரு முனையிலிருந்து பதினாலு அங்குலம் தள்ளிக் குறுக்கே ஒரு தையல். காகிதத்தைச் சுருட்டிப் புனலாக்கி, மறுமுனை வழியே கால் டீஸ்பூன் நீர்மணி போட்டுத் தட்டிவிடு. நாலு அங்குலம் தள்ளிக் குறுக்குத் தையல். மறுபடி கால் டீஸ்பூன், மறுபடி தையல். இப்படி நாலு அறை, ஐந்து குறுக்குத் தையல். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்து. ஊசி நீர்மணி மேல் இறங்காமல் பார்த்துக்கொள். இரண்டு பக்கமும் கட்டுவதற்கு வால் மிஞ்சும். முனைகளை மடித்து முடித்துவிடு.

கால் டீஸ்பூன் என்றால் தட்டையாக வழித்த கால் டீஸ்பூன்தான். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நான் தைத்த முதல் பட்டியில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு முழுக் கரண்டி போட்டேன். நிறையப் போட்டால் நிறையக் குளிருமே என்ற ஆசை. ராத்திரி பேசினில் ஊறவைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் தையல் பிளந்து, வழவழவென்று கூழ் பேசின் முழுக்க மிதந்தது. துணி செத்த மீன் போலக் கிடந்தது. உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, அந்தத் துணியையே பிரித்து அலசிக் காயப்போட்டு, அளவைக் குறைத்து மறுபடி தைத்தேன். அன்றைக்குக் கற்றேன்: அன்பு இருக்கிறதே என்று அள்ளிக் கொட்டுவதில் பயன் இல்லை. அன்புக்கும் ஓர் அளவு டேப் வேண்டும்.

அதனால் முதலில் ஒன்றே ஒன்று தை. அரைமணி நேரம் ஊறவை. போர்வெல் உப்புத் தண்ணீரில் குறைவாகத்தான் பருக்கும்; நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பார். உன் கழுத்தில் நீயே கட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி வெயிலில் ரேஷன் கடைவரை நடந்துவிட்டு வா. எங்கே உறுத்துகிறது, எங்கே ஒழுகுகிறது என்று உன் தோல் சொல்லும். உன் தோல் ஒத்துக்கொள்ளாததை இன்னொருவன் தோலுக்கு அனுப்பாதே. கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் இது அவ்வளவாக வேலை செய்யாது; காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் துணியின் ஈரம் எங்கே போகும்? வறண்ட வெயிலுக்கு ஏற்ற ஆயுதம் இது. பாலைவனத்துக்கென்றே பிறந்தது.

நீர்மணிப் பாக்கெட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை. வாயில் போட்டுக்கொள்ளக் கூடாத பொருள். நனைந்த பட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடித்து நாறும். கொடியில் தொங்கவிட்டுக் காயவிட வேண்டும். முழுசாகக் காய நாள் பிடிக்கும். காய்ந்ததும் மறுபடி உப்புக்கல் ஆகிவிடும், மறுபடி நனைத்துக்கொள்ளலாம். இந்த விவரத்தை ஒரு சின்னச் சீட்டில் தமிழிலும் இந்தியிலும் எழுதி உள்ளே வை. அவன் கூடாரத்துத் தோழன் பஞ்சாபியாக இருக்கலாம், அசாம்காரனாக இருக்கலாம். வெயிலுக்குப் பாஷை கிடையாது.

கேட்டுத் தை

இரண்டாவது பட்டி சரியாக வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரோஜாப் பூப் போட்ட காட்டன். லீவில் வந்திருந்த அண்ணன் மகனிடம் கொடுத்தேன். படையில் ஆறு வருடமாக இருக்கிறவன். கட்டிப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை.

"அத்தை, நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பூவைக் கட்டிக்கினு நான் எப்படி நிக்கிறது? பச்சையோ காக்கியோ மண்ணு கலரோ இருந்தா ஆவும். முடிச்சு பின்னால வந்தா சட்டைக் காலர்ல இடிக்குது, முன்னால வர மாதிரி வாலைக் கொஞ்சம் நீட்டு. பரேடுல கட்ட முடியாது, மேலதிகாரி ஒத்துக்கணும். வண்டி ரிப்பேர் பாக்கும்போது, சமையல் டெண்ட்ல, மூட்டை எறக்கும்போது கட்டுவோம். அப்புறம், அங்க தண்ணிய அளந்துதான் குடுப்பாங்க. ஒரு மக்குல ஊறுற மாதிரி பண்ணு."

ஒரே மூச்சில் இத்தனை திருத்தம்! எனக்கு முதலில் முகம் சுருங்கியது. அவன் போன பிறகு யோசித்தேன். அமெரிக்கப் பெண்களுக்கு 1861இல் கிடைக்காத பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. கட்டப்போகிறவனே வந்து என் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். குறை சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் அவனுக்குக் காபி போட்டுக் கொடு. அவன்தான் உன் முதல் வாத்தியார்.

மூன்றாவது பட்டி ஆலிவ் பச்சை. வால் ஒரு சாண் கூடுதல். அறைக்குக் கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. அவன் லீவு முடிந்து ரயிலேறும்போது பன்னிரண்டு பட்டிகளை மடித்துப் பெட்டியில் வைத்தான். காய்ந்த பட்டி கைக்குட்டை கனம்தான். பெட்டியில் இடமே அடைக்கவில்லை.

ஒரு கையைப் பத்துக் கையாக்கு

நீ தனியாகத் தைத்தால் பன்னிரண்டு. உன் குழு தைத்தால்?

1962இல் சீனப் போர் வந்தபோது இமயப் பனியில் போதிய கம்பளி உடுப்பு இல்லாமல் நம் ஜவான்கள் நடுங்கினார்கள். செய்தி பரவியதும் நாடெங்கும் பெண்கள் கம்பளி நூலும் ஊசியும் எடுத்து உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார்கள். அதுவரை பின்னாதவர்கள் பின்னக் கற்றுக்கொண்டார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த "என்னால என்ன ஆவும்" என்ற கேள்விக்கு அன்று பலம் இருக்கவில்லை.

1989இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் வங்கிக்குள் போய் மேனேஜர் எதிரே நாற்காலியில் உட்காருவார்கள் என்று எத்தனை பேர் நம்பினார்கள்? இன்று தமிழ்நாட்டில் குழு இல்லாத ஊர் எது? 2020இல் கொரோனா வந்து முகக்கவசம் கிடைக்காமல் ஊர் தவித்தபோது மெஷினில் உட்கார்ந்தவர்கள் யார்? அதே குழுப் பெண்கள்தான். உன்னைப் போன்றவர்கள்தான். ஒருவேளை நீயேதான்! அன்று செய்த கைக்கு இன்று என்ன ஆயிற்று?

உன் குழுவில் வேலையைப் பிரி. ஒருத்தி வெட்டட்டும். ஒருத்தி ஓட்டட்டும். ஒருத்தி புரட்டட்டும். கணக்குப் பிசகாதவள் ஒருத்தி நீர்மணி அளக்கட்டும். மூத்தவள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, பிரிகிறதை ஒதுக்கட்டும். தம்பிமார்களே, நீங்களும் வாருங்கள். ஊரில் பாதி டெய்லர் கடை ஆண்கள் நடத்துவதுதான்.

தைத்ததை யாருக்கோ மூட்டையாக அனுப்பிவிட்டுக் கைகழுவாதே. உன் தெருவிலிருந்து படைக்குப் போனவன் வீட்டில் கேள். 56 ஏ.பி.ஓ. என்று முடியும் அவன் முகவரி அவன் அம்மாவுக்கு மனப்பாடம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய் ஆலோசனை கேள். டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியலில் காசு போடுவதோடு, கோடை வருமுன் எத்தனை பட்டி தருவோம் என்று குழுவாக ஒரு வாக்குக் கொடு.

எல்லைக்குப் போகுமுன் உன் வாசலைத் தாண்டியும் பார். பேகோபுரம் பக்கம் குப்பை அள்ளும் அக்கா இருக்கிறாள். பௌர்ணமிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பகலிலிருந்தே வெயிலில் நிற்கும் போலீஸ்காரர் இருக்கிறார். தார் கொதிக்க ரோடு போடுகிறவர் இருக்கிறார். அவர்கள் கழுத்தும் கழுத்துதான். உன் முதல் பத்துப் பட்டியை அவர்களுக்குக் கட்டிப் பார். அவர்கள் சொல்லும் குறையைத் திருத்தி, பதினோராவதை எல்லைக்கு அனுப்பு.

துளை சின்னதுதான்

இனி யாராவது உன்னிடம் வந்து, "ஒரு துணித்துண்டு தைத்து நாட்டைக் காப்பாற்றப் போகிறாயா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாட்டை மொத்தமாக யாரும் காப்பதில்லை. ஒருவன் ஒரு சாவடியைக் காக்கிறான். அவன் கழுத்தை நீ காக்கிறாய். உன் வேலை அந்த ஒரு கழுத்து. அதைச் சுத்தமாகச் செய்.

மறுபடி அண்ணாமலையார் சன்னதிக்கு வா. மேலே தொங்கும் பாத்திரத்தைப் பார். அதன் அடியில் இருக்கும் துளை சின்னதுதான். அந்தச் சின்னத் துளையின் வழியே விழும் சொட்டைத்தான் நெருப்பின் வடிவமான இறைவனுக்குக் குளிர்ச்சி என்று இந்த ஊர் ஏற்றுக்கொண்டது. அருவியைக் கொண்டுவந்து கொட்டு என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நிற்காமல் சொட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

உன் கையில் இருக்கும் ஊசியும் அந்தத் துளை அளவுதான். நிற்காமல் ஓட்டு.

மெஷின் மேலிருக்கும் மாத்திரை டப்பாவை அலமாரியில் வை. பாபினில் ஆலிவ் பச்சை நூலைச் சுற்று. இன்று இரவு படுக்குமுன் ஒரு பட்டி முடித்துவிடு. நாளைக்கு அதை உன் கழுத்தில் கட்டிக்கொண்டு வெயிலில் நட. பதினோராவது பட்டி முடிந்ததும், படைக்குப் பிள்ளையை அனுப்பிய ஒரு தாயின் வாசலில் போய் நின்று, "உங்க பையனுக்கு ஒண்ணு தைச்சுக் கொண்டாந்திருக்கேன்மா" என்று சொல்.